தையல் கடையில் என் குரல்

அமெச்சூர் வானொலிக்காரன் என்று ஒரு பிறவி உண்டு. மொட்டை மாடியில் துணி காயப்போட விடாமல் குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, வீட்டிலிருக்கும் ஒரே நல்ல மேசையைப் பிடுங்கிக்கொண்டு, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்து, கடலுக்கு அப்பால் இருக்கும் முகம் தெரியாத ஒருவரிடம், "அங்க மழையா?" என்று கேட்பவன். நானும் அந்த ரகம்தான். அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஜென்ம விரோதி இரைச்சல். என் பெட்டியில் கொரகொரவென்று சத்தம் வந்தால் குற்றவாளி யார்? பக்கத்து வீட்டு சார்ஜர். என்னால் பக்கத்து வீட்டில் சத்தம் வந்தால்? அப்போதும் பக்கத்து வீட்டு சாமான்தான்!

கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருநாள் மாடியேறி வந்தார்.

"சார், என் ஸ்பீக்கர்ல பாட்டுக்கு நடுவுல உங்க குரல் வருது. திடுக்கிட்டு விரல்ல ஊசிய ஏத்திக்கிட்டேன்."

"அது மட்டமான ஸ்பீக்கர்மா. கண்ட அலையையும் உள்ள விட்டுடுது."

"ஸ்பீக்கரா சார் பேசுது? நீங்கதானே பேசறீங்க?"

அலைகளைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். பாவம், பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார்.

என் மனைவி ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வாரம் அவளுக்கு வெளியூரில் ஒரு பெரிய பொறுப்பு தருவதாகச் சொன்னார்கள். "போகட்டுமாங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன், டயலைத் திருகியபடியே. என்ன பெருந்தன்மை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியில் கப்பல்காரர் கிடைத்தார். கப்பலில் வானொலி இயக்கி ஓய்வு பெற்றவர். நான் பார்த்ததே இல்லாத நண்பர். அவரிடம் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு, என்னை அறியாமல் கொட்டிவிட்டேன். "அவ போயிட்டா வீடு வீடாவே இருக்காது. ராத்திரி சாப்பாட்டுக்கு யாரோட உக்காருவேன்? போகாதேன்னு சொல்ல வாய் வரல. ஓவர்."

திரும்பினால் வாசலில் மனைவி. சட்டையின் கை நீளத்தைக் குறைக்கக் கீழே தையல் கடைக்குப் போயிருந்தவள், அளவு நாடா தோளில் தொங்க அப்படியே ஏறி வந்திருந்தாள்.

"எத்தனை மாசத்துக்குப் போறேன்னு கேட்டீங்களா?"

"எத்தனை?"

"ஆறு. ஸ்பீக்கர்ல நீங்க பேசப் பேச அந்தம்மா மெஷினை நிறுத்திட்டு என் மூஞ்சியவே பார்க்கறாங்க. எனக்கு எங்க பார்க்கறதுன்னே தெரியல."

"ஸ்பீக்கர் ஒயர்தான் ஏரியலா வேலை செய்யுது. அலையத் தடுக்கற ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினா..."

அந்த நேரத்திலும் வளையம்! எங்கள் ரகத்தை என்னவென்று சொல்வது?

"வளையத்தை அப்பறம் மாட்டுங்க. அவர்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லுங்க."

கடல் தாண்டிப் போன குரல் கையெட்டும் தூரத்துக்கு வர மறுத்தது. "நீ இல்லன்னா கஷ்டமா இருக்கும்" என்றேன் மேசையிடம்.

"என்னைப் பார்த்து."

பார்த்துச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் போகத்தான் போறேன். ஆனா இப்ப நிம்மதியா போவேன்" என்றாள்.

மறுநாள் தையல் கடைக்குப் போய், மட்டம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். ஸ்பீக்கர் ஒயரைக் கறுப்பு வளையத்தில் சுற்றி மாட்டினேன். மாடியில் என் பெட்டிக்கு ஒழுங்காக எர்த் கொடுத்து, சக்தியையும் குறைத்தேன். பேசிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

"சுத்தமா ஒண்ணும் வரல சார்" என்ற அந்த அம்மாவின் முகத்தில் ஏனோ மகிழ்ச்சி இல்லை. "அந்தக் கப்பல்காரருக்கு முழங்கால் தேவலையா?"

மனைவி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.

"நல்லா கேட்குதா?" என்றேன்.

"கேட்குது. ஏதாவது சொல்லுங்க."

ஒரே திணறல். எனக்கு இன்னும் பயிற்சி போதவில்லை.

சிரிக்கிறீர்களா? உங்கள் மொட்டை மாடியில் கம்பி இல்லைதான். ஆனால் சென்ற முறை வீட்டுக்குப் போன் செய்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து "கேட்குது" என்று பதில் வந்த பிறகு, நீங்கள் என்ன சொன்னீர்கள்?