பேய் பிடிக்கும் ஜாடி

மொராக்கோவின் தெத்துவான் நகரத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பாதிக் கூட்டம் கூஸ்கூஸ் தின்ன வீட்டுக்குப் போகும். மீதிக் கூட்டம் பேயோட்டும் ஷேக் மஸ்ஊதின் முற்றத்துக்கு ஓடும், பேய் பார்க்க! பேயின் பெயர் பூதெல்லீஸ். தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை நிறுத்துமாம். அதற்கு வேறு வேலைவெட்டி கிடையாது.

யாம்னா தன் கணவன் மைமூனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தாள். மைமூன் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். திடீரென்று குறட்டையோடு மூச்சும் நின்றுவிடும். யாம்னாவுக்கு உயிர் போய் உயிர் வரும். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை நிமோனியா வேறு.

"தூக்கத்துல தொண்டை அடைச்சுத் திணறுறார்மா. அப்போ வாயில இருக்கிற எச்சில், கிருமியெல்லாம் நுரையீரலுக்குள்ள இறங்கலாம். தூக்கத்தைச் சோதிச்சுப் பாக்கணும்" என்று முன்பே சொல்லியிருந்தார் மருத்துவர்.

அதைக் கேட்டு ஷேக் அப்போதே சிரித்தார். தினமும் படுக்கும்முன் மூக்கில் ஒலிவ எண்ணெய் ஊற்றச் சொன்னார். பேய் வழுக்கி விழுந்துவிடுமாம்! யாம்னா தன் கையாலேயே ஊற்றினாள். பேய் வழுக்கவில்லை, எண்ணெய்தான் நெஞ்சுக்குள் வழுக்கியது. மூன்றாம் முறை காய்ச்சல் வந்தது.

"பேய் இன்னும் இறங்கல. ஊது!" இன்று ஷேக் கண்ணாடி ஜாடியை நீட்டினார். மைமூன் நாணல் குழலால் ஊதினான். தெளிந்த நீர் பால்போல் வெளுத்தது. கூட்டம் அலறியது.

யாம்னாவின் அண்ணன் ஹம்மூ மட்டும் அலறவில்லை. ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறவன் அவன். ஜாடியில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

"இது சுண்ணாம்புத் தெளிவு, ஷேக்கே! எங்க வாளியில மேலாப்புல நிக்கிற தண்ணி. யார் மூச்சு பட்டாலும் வெளுக்கும்."

"வாயைக் கழுவுடா! பேய் இருந்தாத்தான் வெளுக்கும்."

"உங்களுக்குப் பேய் இல்லையே?"

"எனக்கா? என்னைக் கண்டா அது எட்டு ஊர் தாண்டி ஓடும்!"

"அப்ப புதுத் தண்ணியில நீங்க ஊதுங்க. தெளிவாவே இருக்கட்டும்."

ஷேக்குக்குத் திடீரென்று தொழுகை ஞாபகம் வந்தது.

"இப்பத்தானே முடிச்சிட்டு வந்தீரு!" என்றாள் கூட்டத்தில் நின்ற மீன்காரி.

வேறு வழியில்லை, ஊதினார். வெளுத்தது.

"இவன் பேய் எனக்குத் தாவிடுச்சு!" என்று மைமூனைக் காட்டினார்.

மீன்காரி ஊதினாள், வெளுத்தது. புது மாப்பிள்ளை ஒருவன் ஊதினான், வெளுத்தது. அவன் மாமியார் முறைத்தாள்.

"உங்க சோதனையில தேறணும்னா மூச்சே விடக்கூடாது. என் மச்சானைத் தேத்திவிடத்தான் பாத்தீங்களா?" என்றான் ஹம்மூ.

எண்ணெய் ஊற்றிய தன் கையைப் பார்க்கவே யாம்னாவுக்குக் கூசியது. ஜாடியைத் தூக்கி ஷேக்கின் தலைப்பாகையில் கவிழ்த்தாள். "நடங்க, ஆஸ்பத்திரிக்கு!" என்று கணவனை இழுத்துக்கொண்டு போனாள்.

காய்ச்சல் தணிந்து, தூக்கச் சோதனையும் முடிந்தது. இப்போது முகமூடி வழியே காற்று ஊதும் கருவியோடு மைமூன் தூங்குகிறான். சுவரைத் தட்டுவாரில்லை.

அன்று முற்றத்தில் இருநூறு வாய்கள் இருந்தன. ஊது என்றால் ஊத அத்தனையும் தயார். 'நீங்க ஊதுங்க' என்று ஷேக்கையே திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. அங்கே நீங்கள் நின்றிருந்தால், உங்களுடையது எந்த வாய்?