கட்டம் சாரும் நிச்சயதார்த்தப் புடவையும்

தஞ்சாவூர் வட்டாரத்தில் புடவைக் கரை மயிலுக்கும் மாங்காய்க்கும் ஒரு பொது எதிரி உண்டென்றால், அது எங்கள் மாடிக் குடித்தனக்காரர் ‘கட்டம்’ சார்தான். துணி டிசைனர். பம்பாய் மில்லில் முப்பது வருஷம், இரண்டு வெளிநாட்டுக் கண்காட்சி. அத்தனையிலும் கட்டம், கோடு, மறுபடியும் கட்டம். ஒரு பூ போடச் சொன்னால், “பூ வேணும்னா பூக்கடைக்குப் போங்க” என்பார்.

இவரிடம்தான் என் மகள் தன் நிச்சயதார்த்தப் புடவையை ஒப்படைத்தாள். “மாமா டிசைன்தான்ப்பா. இல்லேன்னா நைட்டியில வந்து உக்காருவேன்.” செய்யக்கூடியவள்.

நாள் நெருங்கியது. கும்பகோணத்தில் தறி காத்திருந்தது, எந்தப் பச்சை என்பதுதான் முடிவாகவில்லை. என் இரத்த அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

“ஏதாவது ஒரு பச்சையைப் போடுங்களேன் சார்!”

கெட்ட வார்த்தை கேட்டதுபோலப் பார்த்தார். “வண்டியை எடுங்க.”

வலங்கைமான் சாலையில், நட்டுப் பத்து நாளான சம்பா வயல். என்னை வரப்பில் நிறுத்தி, ஏழு பச்சையில் நூல் கற்றைகளைக் கழுத்தில் மாலையாகப் போட்டார். தள்ளிப்போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். “அசையாதீங்க! வெயில் மாறுது!”

வயல்கார அம்மா சிட்டா நகலோடு ஓடிவந்தார். “இன்சூரன்சுக்குப் பயிர் பாக்க வந்தீங்களா சார்? எங்களையும் எழுதிக்குங்க.” பின்னாலேயே நாலு பேர். பயத்தில், “எழுதிக்கிறேம்மா” என்று சொல்லித் தொலைத்தேன். பொய் தெரிந்தால் முதல் அறை எந்தக் கன்னத்தில் விழும் என்பதுவரை மனசுக்குள் ஓடிவிட்டது.

கட்டம் சார் சாவகாசமாக வந்தார். “அவரு எழுத மாட்டாரும்மா, பொண்ணுக்குப் புடவை எடுக்கறாரு. இதுல எது உங்க வயலு பச்சை?”

அந்த அம்மா சிட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு என் கழுத்தை ஆராய்ந்தார். “இது யூரியா போட்ட பச்சை. இது கதிர் வர்றப்ப. இதாங்க, இப்பதான் பச்சை புடிக்கிற பயிரு.”

“கேட்டீங்களா? ‘ஏதாவது’ன்னீங்களே!” என்று என்மேல் சீறினார் சார்.

புடவை நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. முழுக்க இளம்பச்சை, முந்தானையில் ஒரே ஒரு மஞ்சள் கட்டம். ஜரிகை பெயருக்குக்கூட இல்லை.

“பாதியிலயே நிறுத்திட்டாங்களா?” என்றார் சம்பந்தியம்மா. மகள் மேடையேறி உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா கிட்டப் போய் முந்தானையைத் தடவிப் பார்த்தார். “கண்ணுக்குக் குளுமையாத்தான் இருக்கு” என்றார்.

அந்த நிமிஷம் பார்த்துக் கடைசி வரிசையிலிருந்து ஒரு கத்தல்: “அந்த ட்யூப்லைட்டை அணைங்கய்யா! பச்சை செத்துப்போவுது!”

போட்டோக்காரர் முறைத்தார். நானே போய் விளக்கை அணைத்தேன். மாப்பிள்ளையின் முகம் பாதி இருட்டில் மறைந்துவிட்டது.

“யாருங்க அந்த ஆளு?” என்றார் சம்பந்தி.

“எங்க வீட்டு ஆளுதாங்க” என்றேன்.