உலர் உடைக்குள் ஓர் ஏரி

பட்டியல் போட்டு வாழ்பவன் மடையனாக இருக்க முடியாது என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன். மடைத்தனத்தையும் பட்டியல் போட்டே செய்யலாம் என்பது ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோ ஏரிக்கரையில், முற்பகல் 11.10க்கும் 11.31க்கும் இடையில் எனக்கு விளங்கியது. நேரங்கள் என் நாட்குறிப்பில் உள்ளன.

அப்போது எனக்கு நீரடிப் படப்பிடிப்புப் பைத்தியம் பிடித்து எட்டு மாதம். குளிர்நீரில் மூழ்கப் பயின்றதற்கான சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தேன். (கல்யாணப் படம் மாடிப்படிப் பக்கம் போய்விட்டது.) மூழ்கியது ஒன்பது தடவை. பேசியதோ தொண்ணூறு தடவை மூழ்கியவனைப் போல.

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஆண்டுதோறும் ஒரே அட்டைப்படம்: ஊரில் விட்டுவந்த பள்ளிக்கூடத்தின் முகப்பு. சில ஆண்டுகள் வலப்பக்கமிருந்து, சில ஆண்டுகள் இடப்பக்கமிருந்து. அந்த ஆண்டு மலராசிரியர் என் மனைவி வசந்தியின் தம்பி குகன். செயற்குழுக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன்.

"இத்தனை வருசமா இந்த ஏரிக்குப் பக்கத்தில இருக்கிறம். உதுக்குள்ள என்ன சீவிக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஏரிக்குள்ள சீவிக்கிற ஒண்டின்ர படம் அட்டைக்கு நான் தாறன். தராட்டி குழுவிலயிருந்து விலகுறன்."

"எழுதித் தாறியளோ, அத்தான்?" என்றான் குகன்.

எழுதிக் கொடுத்தேன். திகதியும் இட்டேன்.

படம் ஞாயிறு மாலை அச்சகத்துக்குப் போகவேண்டும். சனிக்கிழமைவரை என்னிடம் சேர்ந்திருந்தவை: பச்சை மங்கல் பதினேழு, கல் ஆறு, என் கட்டைவிரல் இரண்டு.

வேறு வழியில்லாமல் இந்திராக்காவைக் கூப்பிட்டேன். மட்டக்களப்புக்காரர், முதியோர் இல்லமொன்றில் வேலை, வயது அறுபதை நெருங்குகிறது. வார இறுதிகளில் கரையிலிருந்து நடந்தே ஏரிக்குள் இறங்கி மீன்களைப் படமெடுப்பார். அவர் கூட வந்தால் மீன் நிச்சயம். ஆனால் அவரைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. ஒழுங்கில்லாத பெண், ஆயத்தப் பட்டியல்கூட வைத்திருப்பதில்லை. என்னுடைய பட்டியலில் நாற்பத்தொரு அம்சங்கள், பிளாஸ்ரிக் உறையிலிட்டு.

தண்ணீர் ஆறு பாகை. அதற்கு உலர் உடை போடவேண்டும். கழுத்திலும் மணிக்கட்டிலும் அதன் இறப்பர்ப் பட்டி தோலோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே ஒரு சொட்டும் வராது. இடையில் ஒரு மயிர் அகப்பட்டாலும் கசியும்.

என் வலது மணிக்கட்டில் இருந்தது மயிரல்ல, இருபத்தொரு இழை நூல். கேதார கௌரிக் காப்பு. வசந்தி இருபத்தொரு நாள் விரதமிருந்து, ஐயரைக் கொண்டு எனக்குக் கட்டுவித்தது. அடுத்த விரதம்வரை கழற்றக் கூடாது. இந்த நூலைப் பற்றி வேலையிடத்தில் நான் நிகழ்த்திய பகுத்தறிவுப் பிரசங்கங்கள் பல. வசந்தி முன்னால் ஒன்றுகூட நிகழ்த்தியதில்லை.

இந்திராக்கா நூலைக் கண்டுவிட்டார். "இந்த நூல வெட்டு மனே. ஏலாட்டி முழங்கைக்கு மேல ஏத்து."

ஐயர் தன் தொழிலில் கெட்டிக்காரர். நூல் அரை அங்குலமும் நகரவில்லை. வெட்டலாமென்றால், இருபதடி தள்ளி வசந்தி, எல்லோரும் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் குகன் குடும்பம் உட்படப் பதினான்கு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். (அழைத்தது நான்தான்.)

"ஏத்தியாச்சு, அக்கா" என்றேன். நூலுக்கு மேலேயே பட்டியை இழுத்துவிட்டு, கையுறையால் மூடினேன். அம்சம் இருபத்தேழு: 'மணிக்கட்டு, வலது'. பேனாவால் சரி போட்டேன்.

"என்ன அத்தான், சந்திரனுக்கே போறியள்?" என்று குகன் கத்தினான்.

"சிரி, சிரி. பின்னேரம் அட்டையைப் பார்த்திட்டுச் சிரி!"

11.10, நீரில் இறங்கினேன். 11.13, முழங்கையில் ஈரம். 11.16, அக்குள். 11.19, வயிறு. அக்குளுக்கும் வயிற்றுக்கும் இடையில் எந்த அறிவுள்ளவனும் கரையேறியிருப்பான். நானோ எழுதிக் கொடுத்த கடிதத்தை நினைத்தேன்.

11.20, இந்திராக்கா ஒரு கல்லைக் காட்டினார். அதன்மேல் ஓர் உளுவை மீன். விரல் நீளம், தவளை முகம். எங்கிருந்தோ கப்பலின் வயிற்றுத் தண்ணீரில் வந்திறங்கி, ஒருவரையும் கேளாமல் குடியேறி, பெருகிவிட்ட இனம். (எங்களுக்குத் தெரியாத கதையா?) கடவுச்சீட்டுப் படத்துக்கு இருப்பதுபோல அசையாமல் இருந்தது. அசைந்தது நான். கமராவை நாற்பத்துமூன்று தடவை அழுத்தினேன். 11.26, இரண்டு கால்களும் நிரம்பிவிட்டன. இந்திராக்கா என் தோள்பட்டியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

தண்ணீருக்குள் இருக்கும்வரை உடைக்குள் இருந்த ஏரிக்குப் பாரமில்லை. இடுப்பளவில் எழுந்து நின்றபோதுதான் அது தன் எடையைக் காட்டியது. கால்கள் இரண்டும் அரிசி மூட்டைகளாகி, நான் குப்புற விழுந்தேன். பிறகு நாலு காலில், கற்களின் மேல், வயிற்றை இழுத்துக்கொண்டு வந்தேன். வாயிலிருந்து வந்த சத்தம் தமிழுமல்ல, ஆங்கிலமுமல்ல.

குகனின் ஆறு வயது மகள் வீரிட்டாள். "அப்பா, வாட் இஸ் தட்?"

"பயப்பிடாதை பிள்ளை. உது ஆவுளியா. எங்கட கடல்ல புல்லுத் தின்னுற மாடு."

வசந்தி ஓடிவந்து கையுறையை உருவினாள். மணிக்கட்டைப் பார்த்தாள்.

"காப்புக்கு மேலயோ போட்டனீங்கள்?"

"வெட்டினா நீ கோவிப்பாய் எண்டு..."

"நீங்கள் உயிரோட இருக்கவெல்லோ நான் விரதம் இருந்தனான்! கேட்டிருந்தா நானே வெட்டியிருப்பன். அம்மனுக்கு அது விளங்கும். உங்களுக்குத்தான் ஒண்டும் விளங்காது."

மாலையில் நாற்பத்துமூன்று படங்களையும் வரிசைப்படி குகனுக்குக் காட்டினேன். நாற்பத்துமூன்றிலும் சாம்பல் நிறப் புகை. அவன் எழுந்து போனான். நான் விலகல் கடிதத்தை இரண்டு பிரதிகளில் எழுதி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

"கடிதம் வேண்டாம், அத்தான். படம் கிடைச்சிட்டுது. இந்திராக்கா அனுப்பினவ."

படத்தில் நான். நாலு காலில், ஊதிய உடம்போடு, தோளில் பாசியோடு, வாயைத் திறந்தபடி. ஒளி, கூர்மை, சட்டகம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பட்டியல் வைத்திருக்காத பெண், எனக்கு முன்னால் கரையேறி நின்று எடுத்தது.

அதுவே அட்டையானது. வாக்குறுதி நிறைவேறிவிட்டதென்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்து, என் விலகலை ஏற்க மறுத்தது. இன்றுவரை குழுவில் இருக்கிறேன். மலரும் ஸ்காபரோவின் பல்வைத்தியர் காத்திருப்பறைகளில் இன்றுவரை இருக்கிறது.

போன மாதம் மோர்னிங்சைட்டில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். உறவுக்குள் புதிதாக வந்த மாப்பிள்ளை ஒருவன் மரியாதையாக எழுந்து நின்றான்.

"நீங்கள்தானே ஆவுளியா மாமா?"

"ஓம்" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் மனைவி பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "படத்தில ஆள் இன்னும் நல்லா இருந்தவர்."