முட்டியை மடக்குங்கள்

இடது ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவிழ்ந்த கயிறு எத்தனை பேர் பல்லை உடைத்திருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். இன்று குனிந்து அதைக் கட்ட அவரால் முடியவில்லை.

காலையில் வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. முட்டியை மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முதுகை வளைக்காமல் தூக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அவருக்குச் சம்பளம். சுமை தூக்குகிறவர்கள் அவருக்கு 'முட்டி சார்' என்று பெயரே வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் அவசரத்தில் வில்லாக வளைந்து, வெடுக்கென்று தூக்கிவிட்டார். மனைவி அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஊருக்குத்தான் உபதேசம்" என்றாள். பிடிப்பைவிட அதுதான் அதிகம் வலித்தது.

விடுப்பு எடுக்கவும் வழியில்லை. கிடங்கின் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சோதிக்க ஆய்வாளர் வருகிற நாள் அது. ஆய்வு நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே புரிந்தது. தூக்கத் தெரியாமல் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்ட பாதுகாப்பு அதிகாரியை எவன் வேலைக்கு வைத்துக்கொள்வான்? வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

சுமை தூக்குகிறவர்களின் மேஸ்திரியைக் கூப்பிட்டார். கட்டிவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

"முட்டியை மடக்கிக் குனியறது ஞாபகம் இருக்கான்னு பார்க்கணும். என் ஷூ கயிறைக் கட்டிக் காட்டுங்க மேஸ்திரி."

மேஸ்திரி ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கட்டினார். "இன்னைக்குப் பரீட்சையா சார்?"

"ஆமா. இன்னைக்கு நான் எதையும் தொட மாட்டேன். எல்லாம் நீங்கதான் செய்யணும்."

பொய்யைத் தனியாக விட முடியாது. அதற்குக் காவலாக இன்னொன்றை நிறுத்த வேண்டும். அந்தக் காவலுக்கும் காவல் வேண்டியிருக்கும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஆய்வாளர் வந்து சேர்ந்தார். நெடுநெடுவென்ற உயரம். சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தார். சுவரோரம் இருந்த தீயணைப்புக் கருவியின் முன்னால் நின்றார்.

"அடியில தேதி இருக்கும். படிங்க."

முட்டி சாருக்கு நெற்றி வியர்த்தது. "எங்க முறைப்படி அதிகாரி படிக்கக்கூடாது சார். வேலை செய்றவங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

ஆய்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல முறை. அப்ப நானும் படிக்கல."

இது பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து தேதியைப் படித்தார். அதன் பிறகு ஆய்வாளர் கேட்டதெல்லாம் தரைமட்டத்திலேயே இருந்தது. அலமாரியின் கடைசித் தட்டு, சாக்கடை மூடி, தரையில் ஒரு விரிசல். ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்லும்படி முட்டி சாரிடம் கேட்பார். முட்டி சார் புதிதாக ஒரு விதியைப் படைத்து மேஸ்திரியை அனுப்புவார். இந்த மனிதருக்குக் கூரை என்று ஒன்று இருப்பதே தெரியாதா என்று முட்டி சார் மனதுக்குள் புலம்பினார். தன் குட்டு உடைந்துவிட்டது, வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று முடிவுக்கு வந்தார்.

அப்போது ஆய்வாளரின் பேனா கீழே விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். ஆய்வாளர் குனியவில்லை. முட்டி சாரும் குனியவில்லை. பேனா உருண்டு, நின்று, சும்மா கிடந்தது.

"கீழ விழுந்ததை உடனே எடுக்கக்கூடாது சார்" என்றார் முட்டி சார். "முதல்ல சுத்திப் பார்க்கணும். வண்டி ஏதாவது வரும்."

"எவ்வளவு நேரம் பார்க்கணும்?"

"மனசுக்குத் திருப்தியாகற வரைக்கும்."

ஆய்வாளர் தலையசைத்தார். இருவரும் மிகுந்த பொறுப்போடு நான்கு பக்கமும் பார்த்தார்கள். மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை, வந்து எடுத்துக்கொடுத்துவிட்டுப் போனார்.

இதோடு விட்டிருந்தால் தப்பியிருக்கலாம். மேலாளர் வந்து சேர்ந்தார். தன் ஆளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவைப்போம் என்ற நல்ல எண்ணம் அவருக்கு. எங்கள் பாதுகாப்பு அதிகாரி வாயால் மட்டும் சொல்கிறவர் இல்லை, தினமும் தானே தூக்கிக் காட்டுவார் என்று அளந்துவிட்டு, ஓர் ஆணிப் பெட்டியை நகர்த்தி முன்னால் வைத்தார்.

"காட்டுங்களேன்" என்றார் ஆய்வாளர்.

முட்டி சார் முட்டியை மடக்கினார். முதுகை நேராக வைத்துக்கொண்டார். பெட்டியை ஒட்டிக் குந்தினார். பாடத்தில் இருக்கிறபடியே அத்தனையும் அமைந்துவிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் பெட்டியைத் தொடாமல், "பாரம் தூக்கறதுக்கு முன்னாடி இப்படிக் கொஞ்ச நேரம் உட்காரணும். எல்லாரும் உட்காருங்க" என்றார்.

கிடங்கே குந்தியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். பாரத்தோடு இடுப்பைத் திருப்பாமல் காலைத் திருப்ப வேண்டும். தூக்கம் குறைந்த நாளில் ஏணியில் ஏறக்கூடாது. சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியாக ஒன்று சொன்னார்.

"தனியா முடியலன்னா இன்னொரு ஆளைக் கூப்பிடுங்க. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல."

அதைக் கேட்டுச் சுமை தூக்குகிறவர்கள் உருகிப்போனார்கள். மேலாளரும் உற்சாகத்தோடு குந்திவிட்டார். நின்றுகொண்டிருந்தவர் ஆய்வாளர் ஒருவர்தான்.

"நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க சார். உடம்புக்கு நல்லது" என்றார் மேலாளர்.

ஆய்வாளரின் முகம் வெளுத்தது. போதும் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

 ஆய்வாளரை வைத்தா விளையாடுவது, போயிற்று, எல்லாம் போயிற்று என்று மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேஸ்திரியும் இன்னொருவரும் முட்டி சாரை இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். "இடுப்புப் பிடிப்பா சார், தண்ணி கேன் தூக்கினீங்களா?" என்று மேஸ்திரி காதோரம் கேட்டார். முட்டி சார் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஆய்வாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். வேலை போனாலும் போகட்டும், இத்தனை பொய்யைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக முடியாது. சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார். ஆய்வாளரின் கார் டிரைவர் எதிரே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். முட்டி சார் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஐயா எல்லாம் திருப்தின்னுட்டாரு சார், அவரை வண்டியில உட்கார வைக்கத்தான் ரெண்டு ஆள் வேணும், காலையிலேருந்து இடுப்பு பிடிச்சு குனியவே முடியல, அதான் கீழ இருக்கிறதையெல்லாம் உங்களையே பார்க்கச் சொன்னாராம்."