கழட்டு அண்ணாச்சியின் சேவல் இறகு

மாட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் உண்டு. கழற்றத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வடசேரியில், பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கால் தெருவுக்கு வந்துவிடுகிற ஒரு கடையில் இருந்தார். 'ரேடியோ ரிப்பேர்' என்று பலகையில் எழுதியிருந்தது. ஊர் அதை நம்பவில்லை. ஊர் அவரைக் கழட்டு அண்ணாச்சி என்றது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அதையும் கழற்றி எந்தக் குப்பியிலோ போட்டிருக்கிறேன், தேடணும் என்று சொல்லியிருப்பார்.

திருவிதாங்கூர்-கொச்சி என்று எங்கள் ராஜ்யத்துக்குப் பெயர் இருந்த காலம். தோவாளைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாசகசாலைப் பணியாளனாக இருந்தேன். தற்காலிகம். காலையில் பத்திரிகையை விரித்து வைக்க வேண்டும், சாயங்காலம் ரேடியோவைத் திருகி ஊருக்குக் கேட்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ரேடியோ மாதம் ஒரு தடவை வாயை மூடிக்கொள்ளும். அதைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் பிச்சிப்பூக் கூடைகளுக்கும் அரளிப்பூக் கூடைகளுக்கும் நடுவே இடுங்கி உட்கார்ந்து, வடசேரிக்குப் போவது என் தலைவிதி. இன்றைக்கும் இடுப்பில் ஒரு வலி இருக்கிறது. டாக்டர் வயசு என்கிறார். எனக்கல்லவா தெரியும், அது ரேடியோ.

இது போதாதென்று அஞ்சுகிராமத்தில் எனக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரி வந்து பார்த்து எழுத வேண்டும். அவர் வருகிற அன்றைக்கு ரேடியோ பாட வேண்டும். ஆக, என் கல்யாணம் அந்தப் பெட்டியின் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது.

முதல் தடவை போனபோது நான் விஷயம் தெரியாதவன். பெட்டியை வைத்துவிட்டு, ஏரியல் கம்பி விட்டிருக்கும் என்று நினைக்கிறேன் அண்ணாச்சி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கழத்திப் பாத்தாத்தானேவே தெரியும்?"

அங்கே ஒரு ஸ்டூல் உண்டு. மூன்று கால், அதில் ஒன்று குட்டை. அதில் என்னை உட்காரச் சொன்னார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேடியோவின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகக் கிடந்தது. ஒவ்வொன்றையும் துடைத்து, கம்பிக் கால்களை நிமிர்த்தி, பிள்ளை குளிப்பாட்டியதுபோல வைத்திருந்தார். பிறகு நிதானமாக, "ஏரியல் கம்பிதான் விட்டிருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது.

அவருடைய ஆயுதங்களைச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் ரேடியோவுக்குள் இருக்கிற பச்சை அட்டையிலிருந்து சாமான்களை எடுக்க, பேனா மாதிரி ஒரு பம்பை வைத்து அமுக்குகிறார்கள், ஈயம் சர்ரென்று உள்ளே போய்விடுகிறது. அந்தக் காலத்தில் அட்டையும் கிடையாது, பம்பும் கிடையாது. தகரத் தட்டுக்கு அடியில் கம்பியும் சாமானுமாகச் சிக்குப் பிடித்துக் கிடக்கும். அண்ணாச்சி கரியடுப்பில் சூட்டுக்கோலைக் காய்ச்சி, பற்றவைத்த இடத்தில் வைப்பார். ஈயம் உருகியதும் அதை உறிஞ்சி எடுக்க ஒரு கருவி வைத்திருந்தார். பழைய பஸ்ஸின் ரப்பர் ஹார்ன்.

ரப்பர்ப் பந்தை முதலில் அமுக்கிக் காற்றை வெளியே தள்ளி, குழாயை ஈயத்தின் அருகே கொண்டுபோய், பிடியை விடுவார். ஈயம் உள்ளே போய்விடும். எல்லாம் சரிதான். ஆனால் ஊரில் உள்ளதையெல்லாம் கழற்றிய மனிதர், அந்த ஹார்னுக்குள் இருந்த பீப்பியை மட்டும் கழற்றவில்லை. அமுக்கும்போதெல்லாம் 'பாம்' என்று அலறும். தெருவில் போகிறவர்கள் துள்ளி ஒதுங்குவார்கள். வண்டிமாடு மிரண்டு, சுவரோரம் போய் நிற்கும். பீப்பியை எடுத்துவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன். சத்தம் கேட்டால்தான் காற்று போனது தெரியும் என்றார். அவருக்குத் தெரிவதற்காக வடசேரி முழுக்க ஒதுங்கிக்கொண்டிருந்தது.

மிச்சமிருக்கிற பொடி ஈயத்துக்குச் செம்புக் கம்பிப் பின்னல். தலைமுடி மாதிரி அவரே மூன்று கால் எடுத்துப் பின்னி, குங்கிலியப் பொடியில் புரட்டி, சூடு காட்டுவார். ஈயத்தை அது குடித்துவிடும். கடையில் கோயில் வாசனை வரும். சாமானின் காலை வளைத்து எடுக்க, நுனி மடக்கிய குடைக்கம்பி. கடைசியாகச் சேவல் இறகு. உருகின ஈயம் சொட்டுவதற்குள் அதால் ஒரு தள்ளு தள்ளுவார். இறகின் நுனி பொசுங்கும். கோட்டாற்றுச் சந்தையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வந்து, மேலே கம்பியில் சொருகி வைத்திருப்பார்.

ஒரு சட்டம் மட்டும் அவரிடம் உண்டு. எந்தச் சாமானின் காலையும் வெட்ட மாட்டார். கொறடு என்ற ஒன்றே கடையில் கிடையாது. அவசரக்காரர் ஒருவர் வெட்டி எடுத்துத் தந்தால் போதும் என்று கேட்டதற்கு, அவருடைய ரேடியோவைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டு, "கால வெட்டிட்டா பொறவு அது எங்கவே போயி நிக்கும்?" என்றார். வெட்டுகிறவனும் வேண்டாம், முறுக்குகிறவனும் வேண்டாம் என்பார். கம்பிக்குக் கம்பி முறுக்கி வைப்பது மாடு கட்டுகிறவன் வேலையாம்.

இதில் கட்டடக்காரரின் கதை வருகிறது. கடை இருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரர், பின்கட்டிலேயே குடியிருந்தவர். சுத்த சைவம். பூண்டு உரிக்கிற வீட்டு வழியாகப் போக மாட்டார். தினமும் மத்தியானம் அவருடைய மூக்குக்கு முதலில் இறகு பொசுங்குகிற நாற்றம் போகும், பின்னாலேயே குங்கிலிய வாசனை போகும். மனிதர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கழட்டு அண்ணாச்சி கடைக்குள் கோழி சுடுகிறார், சுட்டுவிட்டு, தெரியாமலிருக்கச் சாம்பிராணி போடுகிறார்.

அந்த வருஷ ஐப்பசியில் ஒரு இடி இடித்தது. எங்கள் ரேடியோ விக்கி, நின்றுவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே கண்டன்சர் என்கிற சாமான் ஒன்று வெந்துபோயிருந்தது. அண்ணாச்சி ஒரு நாள் முழுக்கப் பாம் பாம் என்று அலறவிட்டு அதை எடுத்தார். அந்த அளவில் வேறொன்று தேடி மாட்ட வேண்டும், தீபாவளி கழிந்து வாரும் என்றார். தீபாவளி கழிந்தது. அதிகாரி நாளை மறுநாள் வருகிறார் என்று எனக்குக் கடிதம் வந்தது. விழுந்தடித்து ஓடினேன். கடையில் இரண்டு பூட்டுத் தொங்கியது.

ஒன்று அண்ணாச்சியின் பூட்டு. மற்றது கட்டடக்காரரின் பூட்டு. கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. ஆறு நாளும் பச்சைத் தண்ணீரும் பழமுமாக இருக்கிற மனிதருக்கு, முதல் நாளே இறகு நாற்றம் வந்தால் கோபம் வராதா? சூரசம்ஹாரம் முடியாமல் திறக்கக் கூடாது என்று பூட்டிவிட்டார். அண்ணாச்சி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் இருவரும் பின்கட்டுக்குப் போனோம். அண்ணாச்சி பாவம், மடியிலிருந்து ஒரு இறகை எடுத்துக் காட்டி, இது ஈயம் தள்ளுவதற்கு என்று விளக்கினார். விரதத்தில் சோர்ந்திருந்த கட்டடக்காரர் இறகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செரி. தூவல் இங்க இருக்கு. அப்போ கோழி எங்கவே?" என்று கேட்டார்.  

நான் என் கல்யாணக் கதையைச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மனம் கொஞ்சம் இளகியது. ரேடியோ சர்க்கார் சாமான், அதை எடுத்துக்கொள்ளலாம், மற்ற எதையும் தொடக் கூடாது என்றார். கதவைத் திறந்தார். நான் பெட்டியை வெளியே கொண்டுவந்ததும், தீட்டுக் கழிய அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மறுபடி பூட்டு. ஹார்ன், பின்னல், குடைக்கம்பி, குப்பி குப்பியாகச் சாமான்கள், எல்லாம் உள்ளே. வெளியே நாங்கள், ஒரு ஊமை ரேடியோ, ஒரு இறகு.

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன். அண்ணாச்சி ஒழுகினசேரியில் இருந்த தன் வீட்டுக்கு நடந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். ஒற்றை அறை, ஒற்றை ஆள். ஒரு பாய், ஒரு பானை, மூலையில் ஒரு ரேடியோ. மூடிகூடக் கிடையாது, பாக்குப்பெட்டிப் பலகையில் உட்கார்ந்திருந்தது. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த பட்டாளத்து ரேடியோக்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, நாலு வருஷமாகச் சேர்த்துக் கட்டியது. ஒரு கால்கூட வெட்டுப்படாத ரேடியோ. அந்த வீட்டில் அவரைத் தவிரப் பேசுவது அது ஒன்றுதான்.

அதைக் கவிழ்த்து வைத்தார். உள்ளே விரலால் ஒன்றைத் தொட்டுக் காட்டி, இந்த அளவுதான் என்றார். எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து பாக்குவெட்டியை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். உண்மையாகவே சொன்னேன். கல்யாணம் போனால் போகட்டும் என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

"சும்மா இரியும்" என்றார். இரண்டு வெட்டு. பாக்கு வெட்டுகிற சத்தம்தான். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. குட்டைக் கால்கள் எட்டாமல், துண்டுக் கம்பி சேர்த்து முறுக்கி எங்கள் ரேடியோவில் வைத்தார். வெட்டும் ஆயிற்று, முறுக்கும் ஆயிற்று. தன் ரேடியோவின் பேட்டரியை அதில் இணைத்துத் திருகினார். யாரோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். ரேடியோவைத் திருகிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டார். அந்த முறுக்கு எப்போது நழுவுமோ என்று நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எழுந்து, "கொள்ளாம்" என்றார், மலையாளத்தில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையில் நான் நிரந்தரமானேன். தை மாதம் கல்யாணம். வெட்டின கால் எங்கே போய் நிற்கும் என்று அண்ணாச்சி கேட்பாரே, என் குடும்பமே அதன்மேல்தான் நிற்கிறது.

சூரசம்ஹாரம் முடிந்து பூட்டுத் திறந்ததும், அண்ணாச்சி பஸ் ஏறி எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். அந்த முறுக்கு அவரைத் தூங்கவிடவில்லையாம். ஒழுங்காக ஈயம் வைத்தே தீர வேண்டும் என்று வாசகசாலையில் கரியடுப்பு மூட்டினார். பாம் என்று முதல் சத்தம் கேட்டதும், பூக்கட்டுகிற பெண்கள் பஸ் வந்துவிட்டது என்று கூடைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். இரண்டாம் சத்தத்துக்கும் ஓடினார்கள். மூன்றாவதற்கு எங்கள் வாசலுக்கு வந்து திட்டினார்கள்.

வேலை முடிந்து அவர் கை கழுவும்போது கேட்டேன், உங்கள் ரேடியோ என்ன ஆயிற்று என்று. அந்த அளவு எந்தக் குப்பியிலும் இல்லையாம். எப்போதாவது கிடைக்கும், அதுவரை அது சும்மா இருக்கட்டும் என்றார்.  அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சவம், அது கெடக்கு. ஒமக்கு வேல இருந்தா மாசம் ஒருக்க வருவேருல்லா."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஏரியல் கம்பி விட்டதற்குப் பெட்டியையே பிரித்துப் போட்டு, என்னைச் சாயங்காலம்வரை அந்த நொண்டி ஸ்டூலில் உட்கார வைத்த மனிதருக்கு, அது கம்பிதான் என்று காலை பத்து மணிக்கே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் ரேடியோ கெட்டே போகவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனியில் ஒருநாள், பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தி, துணியில் கட்டித் தூக்கினேன். "நல்லாத்தானே பாடுகு, எங்கோட்டுத் தூக்கிட்டுப் போறிய?" என்று புதுப் பெண்டாட்டி கேட்டாள். ஏதோ முனகிவிட்டு பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். என்ன கோளாறு என்று தெரியவில்லை அண்ணாச்சி, நீங்களே பாருங்கள் என்றேன். திருகினார். நன்றாகப் பாடியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார். அடுத்ததையும் கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஆமா, கோளாறு இருக்கு. கழத்தித்தான் பாக்கணும். நேரமாவும்" என்றார்.

நான் அந்தக் குட்டைக்கால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.