ஈரல் கொழுப்பும் குழல் சாமியும்

குன்னூருக்குக் குழல் சாமி வந்துவிட்டார்! இனிக் கவலை எதற்கு? ஸ்கேன் மையங்களைக் காலி செய்து உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிக்கொள்ளலாம்.

கூடலூருக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் உட்கார்ந்து மலையாள மந்திரம் படித்தவராம். தொப்புளில் செப்புக் குழலை வைப்பார். ஒரே உறிஞ்சு. வயிற்றிலிருக்கும் 'மருந்து' கறுப்பு உருண்டையாக அவர் வாய்க்கு வந்துவிடும். மருந்து என்றால் நோய் தீர்க்கும் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். ஆளைக் கெடுக்கச் சோற்றில் கலந்து கொடுப்பதாகச் சொல்வார்களே, அந்த இடுமருந்து. தோலில் ஓட்டை விழாது, ரத்தம் வராது. அறிவுக்கு மட்டும் கொஞ்சம் சேதம்; அதைத்தான் யாரும் கவனிப்பதில்லையே.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். வெலிங்டனிலிருந்து ஜீப் பிடித்து வந்தவர்களும் உண்டு. முதல் நோயாளி பொன்ராஜ், சட்டையைத் தூக்கிக்கொண்டு பாயில் படுத்திருந்தான்.

பொன்ராஜுக்கு டீ ஃபேக்டரியில் வேலை. பீடி இல்லை, பிராந்தி இல்லை. மூன்று மாதமாக மேல்வயிற்றில் வலி. மனைவி சுகந்தி லீவு போட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பொன்ராஜின் அம்மா ராக்கம்மாவும் கூடப் போனாள். டாக்டர் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார்.

"வயித்துல ஹெச். பைலோரின்னு ஒரு கிருமி. புண்ணு அதனாலதான். ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. சுகரும் எல்லையில வந்து நிக்குது" என்றார்.

"மூணுக்கும் சம்பந்தமுங்களா?" என்று கேட்டாள் சுகந்தி.

"ஒண்ணா இருக்கிறது அதிகம்னு சில ஆய்வுல பாத்திருக்காங்க. கிருமிதான் ஈரலைக் கெடுக்குதான்னு இன்னும் உறுதியாத் தெரியாதும்மா. அதனால ரெண்டையும் பார்க்கணும். கிருமிக்குப் பதினாலு நாள் மாத்திரை. கொழுப்புக்கு நடக்கணும், எடையைக் குறைக்கணும், சீனியைக் குறைக்கணும்."

பொன்ராஜ் நாளுக்கு எட்டு டீ குடிப்பவன். டீக்கு மூன்று ஸ்பூன் சீனி. கூடவே கடிக்க மொறுமொறுவென்று ஊட்டி வர்க்கி. இப்படிப்பட்டவனுக்கு எதிரி வேறு வேண்டுமா?

ராக்கம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கிருமி எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். "சாப்பாடு, தண்ணி வழியா வரும். ஒரே வீட்டுல இருக்கிறவங்ககிட்ட இருந்தும் தொத்தலாம்" என்றார் டாக்டர். அவ்வளவுதான், வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"குடிக்காதவனுக்கு ஈரல் எப்படிக் கெடும்? ஊட்டுல இருக்கிறவதான் சோத்துல போட்டிருக்கறா. டாக்டரே சொல்லிட்டாரு!" என்று லைன் முழுக்கச் சொல்லி வந்தாள். அந்த வீட்டில் சோறு போடுபவள் சுகந்தி. ஐந்தாம் நாளே மாத்திரை அட்டை அலமாரியின் உச்சிக்கு ஏறியது; சாமி கை வைக்குமுன் மாத்திரை ஆகாதாம். குழலில் உருண்டை வந்தால் சுகந்தி சேரங்கோட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். அவள் துணியை மாமியாரே பையில் கட்டி வைத்துவிட்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை நம்பவில்லை, எல்லாம் தெரியும் என்ற ஆளை நம்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான்.

பாயில் கிடந்த பொன்ராஜிடம் சாமி வந்தார். உறிஞ்சி முடிக்கும் வரை மௌன விரதமாம். ஒரு பக்கக் கன்னம் லேசாக உப்பியிருந்தது. அருள் அங்கேதான் தங்கியிருக்கிறது என்று பக்தர்கள் கும்பிட்டார்கள். அவருக்குப் பதிலாகப் பேசுவதற்கு மச்சினன் தீபக்.

கூட்டத்தில் அம்புரோஸ் நின்றிருந்தார். ஃபேக்டரியில் டீ டேஸ்டர். தினமும் நூறு கிண்ணம் டீயை ஸ்பூனால் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, ருசி பார்த்துத் துப்புவதுதான் அவர் உத்தியோகம். உறிஞ்சித் துப்பும் இன்னொருவரைக் கண்டதும் தொழில் பாசம் பொங்கிவிட்டது.

"ஏனுங்க சாமி, நாமெல்லாம் ஒரே தொழிலுங்க. எங்க ரூம்ல உறிஞ்சறதுக்கு முன்னாடி வாயைச் சுத்தமா வெச்சுக்குவோம். இல்லாட்டி வாயில இருக்கிறதெல்லாம் டீயில இருக்கிறதாத் தெரியுமுங்க. ஒரு டீ குடிச்சுட்டு ஆரம்பிங்க."

"சாமி விரதமுங்க" என்றான் தீபக்.

"பேச்சுக்குத்தானுங்களே விரதம்?"

அதற்குள் ராக்கம்மா ஓடிப்போய் டம்ளரோடு வந்துவிட்டாள். "என்ற கையால போட்டதுங்க சாமி. அவ கை படலீங்க. எங்கூட்டு டீயைத் தள்ளுனீங்கன்னா எனக்குப் பாவமுங்க!"

குடிங்க சாமி, குடிங்க சாமி என்று கூட்டமே கெஞ்சியது. பக்தர்களின் பாசத்திலிருந்து எந்தச் சாமி தப்பியிருக்கிறது? கன்னத்தை இறுக்கிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார். கொதிக்கிற டீ. புரையேறியது, கண் பிதுங்கியது, தொண்டையில் ஏதோ களக்கென்று இறங்கியது. உப்பிய கன்னம் சப்பையாகிவிட்டது.

"ஐயோ மாமா! உருண்டைய முழுங்கிட்டீங்களா? அதுல முடியும் மெழுகும் இருக்குதே!" என்று அலறினான் தீபக்.

"வாயை மூடுடா நாயே!" மௌன விரதம் முடிந்து சாமி அருளிய முதல் வாக்கு இது.

அம்புரோஸ் குழலை எடுத்து நீட்டினார். "பதறாதீங்க சாமி. தொப்புள்ல வெச்சு மச்சினனை உறிஞ்சச் சொல்லுங்க. வந்துரும்."

"விளையாடாதய்யா! வயித்துக்குள்ள போனது குழல்ல எப்படி வரும்? ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கூப்பிடுங்க!"

வெலிங்டன் ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பினார்கள்.

சுகந்தி அலமாரி உச்சியிலிருந்து மாத்திரையை எடுத்தாள். "கேட்டீங்களா அத்தை? குழல்ல வராதாம். சாமியே சொல்லிட்டாரு." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் சோத்துல வெசம் வெப்பேன்னு நீங்களும் நம்பித்தானே படுத்திருந்தீங்க? எந்திரிங்க. இடையில நிறுத்துன மாத்திரைக்கு என்ன பண்றதுன்னு டாக்டரைக் கேக்கணும். நடந்தே போலாம், கொழுப்புக்கு நல்லது."

பொன்ராஜ் சட்டையை இழுத்துத் தொப்புளை மூடிக்கொண்டான். எழுந்து செருப்பைத் தேடினான்.

கூட்டம் கலைந்தது. "இவன் போலிங்க. கோத்தகிரியில ஒருத்தரு மயில் இறகாலயே எடுக்கறாராம்" என்று ஒரு பெரிய மனிதர் சொல்ல, நாலு பேர் விலாசம் குறித்துக்கொண்டார்கள்.

வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க டாக்டரிடம் கேமரா இருக்கிறது. தலைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று அவரவரே பார்த்துக்கொண்டால்தான் உண்டு!