ஐந்தாவது சனிக்கிழமை நண்டுக் கறி

கோலசிலாங்கூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய பெரியக்கா அவர்களுக்கு, தம்பி குணாளன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? புரட்டாசி நாலாம் சனிக்கிழமை பெருமாள் கோயிலில் தொலைத்த மூக்குக்கண்ணாடி கிடைத்ததா? இல்லையென்றால் இதை மாமாவை வாசிக்கச் சொல்லுங்கள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

அக்கா, பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். தர்ஷினிக்கு நீங்கள் பார்த்த சம்பந்தத்தைச் சேர்ந்து சாப்பிட்டுப் பேசி முடிக்கலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். புரட்டாசிதான் நாலு சனியோடு முடிந்ததே என்று, நேற்று மத்தியானம் ஆற்றோரம் ஆ லெக்கின் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போனேன். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனால் தட்டு பதினெட்டு வெள்ளிக்கு அந்த நண்டுக் கறி வேறெங்கே கிடைக்கும்? மூன்று தட்டு மேசைக்கு வந்ததும் தர்ஷினி என் காதில், “அப்பா, இந்த வருஷம் அஞ்சு சனிலா. இன்னிக்குத்தான் கடைசி” என்றாள். என் தம்பி வீட்டில் புரட்டாசியில் முட்டை வாசனைகூட இருக்காது என்று நீங்கள் வேறு அளந்துவிட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளையின் அம்மா நண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பையைத் திறந்தார். எழுந்து போகப் போகிறார், என் பிள்ளை கல்யாணம் ஆற்றோடு போச்சு என்று நினைத்தேன். அவர் எடுத்தது நண்டு உடைக்கும் குறடு.

“ஆத்தோரக் கடைன்னதும் எடுத்து வச்சேன். உங்க அக்கா சொன்னதக் கேட்டு, இங்க வந்தும் கீரைதான்னு பயந்துட்டேன்லா. நாலு வாரமா நாக்கே செத்துப்போச்சு” என்றார். மாப்பிள்ளையின் அப்பா அதற்குள் ரொட்டியைக் குழம்பில் முக்கிவிட்டார். “ஆறிடப்போவுது, உக்காருங்க சம்பந்தி.”

அப்பாடா, சம்பந்தி என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சே வந்தது. மூன்று தட்டு ஐந்தாகி, நண்டுக் காலைச் சூப்பிக்கொண்டே தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. ஆனாலும் உங்கள் பேச்சைக் கெடுத்தவன் நான். ஒரு மாதமாக விரதம் காக்கும் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மாமாவுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். பெருமாள் நம் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
குணாளன்

பின்குறிப்பு: மறந்துவைத்த குடையை எடுக்க இன்று கடைக்குப் போனேன். “உங்களோட வருவாங்களே உங்க அக்கா, நேத்து இல்ல, அதுக்கு முந்தின சனிக்கிழமை தனியா வந்தாங்க, பாஸ். ரெண்டு தட்டு. இத விட்டுட்டுப் போயிட்டாங்க” என்று ஆ லெக் நீட்டினார். மூக்குக்கண்ணாடி கிடைத்துவிட்டது, அக்கா. மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கண்ணாடியை நேரில் கொண்டுவருகிறேன். அதுவரை இதையும் மாமாவே சத்தமாக வாசித்துக்காட்டட்டும்.